ஜெபமாலைக்கு முன் ஒரு டி.டி.எம்.

சரியான அறிவுரையைத் தவறான தகவலோடு சேர்த்துச் சொன்னால், கேட்கிற பிள்ளைகள் இரண்டையும் ஒன்றாகவே தூக்கிப் போட்டுவிடுகிறார்கள் என்ற எண்ணம் 2025 அக்டோபரிலிருந்து என்னை விடவில்லை. ஜெபமாலை மாதத்தை ஒட்டி, பெற்றோரையும் பிள்ளைகளையும் ஒன்றாக உட்காரவைத்து நடந்த ஒரு ஞாயிறு மாலைக் கூட்டத்தில் அது தொடங்கியது. பேச வந்தவர் நல்ல மனிதர். குரலில் உண்மையான அக்கறை இருந்தது. பிள்ளைகள் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்கிறார்கள், சோற்றுத் தட்டின் முன்னாலும் மொபைலைக் கீழே வைப்பதில்லை, முன்பின் தெரியாதவர்களோடு பேசுகிறார்கள் என்று அவர் சொன்னதில் எதையும் நான் மறுக்கமாட்டேன். ஆனால் நடுநடுவே அவர் அள்ளி வைத்த விவரங்கள் பிழையாக இருந்தன. கட்டை கட்டையாக அடுக்கிக் கட்டும் மைன்கிராஃப்டை, ஆட்களைச் சுட்டுக் கொல்வதற்காகவே உள்ள விளையாட்டு என்றார். வீடியோ கேம் ஆடுவதே நோய் என்று உலகச் சுகாதார நிறுவனம் அறிவித்துவிட்டது என்றார். அதற்கு முந்தைய மாதம்தான் புனிதராக உயர்த்தப்பட்டிருந்த கார்லோ அகுதிஸை எடுத்துக்காட்டி, கணினியை இறைப்பணிக்கு அன்றி வேறெதற்கும் தொட்டறியாத பிள்ளை என்றார். என் பக்கத்தில் இருந்த பதினான்கு வயது மகன் அப்போது குனிந்து, "அவருகிட்ட பிளேஸ்டேஷன் இருந்துச்சும்மா" என்றான். கேலியாகச் சொல்லவில்லை, கணக்கு வாத்தியார் கரும்பலகையில் தப்பாகக் கூட்டும்போது மாணவன் பக்கத்தில் இருப்பவனிடம் சொல்வானே, அந்தக் குரலில் சொன்னான். மைன்கிராஃப்ட் என்ற சொல் வந்தபோதே பின்வரிசைகளில் ஒரு சிரிப்பு எழுந்து அடங்கியிருந்தது. அதன் பிறகு மேடையிலிருந்து வந்த எதையும், தூக்கத்தைப் பற்றிய நியாயமான பேச்சைக்கூட, அந்த வரிசைகள் காதில் வாங்கவில்லை.

வீட்டுக்கு வந்ததும் மகன் சொன்னதைச் சரிபார்த்தேன். அவன் சொன்னதே உண்மை. 1991இல் பிறந்து 2006இல் இரத்தப் புற்றுநோயால் பதினைந்து வயதில் இறந்த அந்தப் பையன், நற்கருணைப் புதுமைகளைத் தொகுத்து இணையத்தில் வைத்தவன் என்பது எவ்வளவு உண்மையோ, பிளேஸ்டேஷன் ஆடியவன் என்பதும், வாரத்துக்கு ஒரு மணி நேரம் என்று தனக்குத் தானே எல்லை வகுத்துக்கொண்டவன் என்பதும் அவ்வளவு உண்மை. பிள்ளைகளுக்கு எடுத்துக்காட்டாகச் சொல்ல இதைவிட நல்ல செய்தி வேறென்ன வேண்டும்? பேசியவர் கையில் அது இருந்தது. ஆனால் அவருக்கு அது தெரிந்திருக்கவில்லை. உலகச் சுகாதார நிறுவனத்தின் நோய்ப் பட்டியலும் அப்படித்தான். 2022 ஜனவரி 1 முதல் நடைமுறையில் உள்ள அந்தப் பட்டியலில் விளையாட்டுச் சீர்கேடு என்ற ஒன்று இருப்பது மெய். ஆடுவதைக் கட்டுப்படுத்த முடியாமற்போவது, மற்ற எல்லா வேலைகளையும் ஆட்டம் பின்னுக்குத் தள்ளுவது, கெடுதல் விளைவது கண்ணுக்குத் தெரிந்தும் தொடர்வது, இவை மூன்றும் பொதுவாகப் பன்னிரண்டு மாதங்களாவது நீடித்து, படிப்பையும் குடும்பத்தையும் பாதித்திருக்க வேண்டும் என்று அங்கே வரையறுத்திருக்கிறார்கள். இந்த மூன்றையும் மட்டும் அன்றைக்குச் சொல்லியிருந்தால், கூட்டத்தில் இருந்த ஒவ்வொரு பிள்ளையும் தன்னை நிறுத்துப் பார்த்திருக்கும். ஆடுவதே நோய் என்று சொன்னதால், தனக்கு நோய் இல்லை என்று தெரிந்த பிள்ளை நிம்மதியாகச் சிரித்துவிட்டது.

யோவான் நற்செய்தியின் மூன்றாம் அதிகாரத்தில் நிக்கதேமிடம் இயேசு கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. மண்ணுலகக் காரியங்களைச் சொல்லும்போதே நம்பாதவர்கள், விண்ணுலகக் காரியங்களைச் சொன்னால் எப்படி நம்புவீர்கள் என்கிறார். அந்த வசனம் கேட்பவரின் அவநம்பிக்கையைப் பற்றியது என்றுதான் மறைக்கல்வியில் படித்திருக்கிறேன். இப்போது அது சொல்பவரையும் கேள்வி கேட்பதாகத் தோன்றுகிறது. பாவம், மன்னிப்பு, சாவுக்குப் பின் வாழ்வு என்று பிள்ளையால் சரிபார்க்க முடியாத பெரிய விஷயங்களை நாம்தான் அதற்குச் சொல்லித்தருகிறோம். நம் பேச்சை நம்பலாமா என்று அது எதை வைத்து முடிவு செய்யும்? தன்னால் சரிபார்க்க முடிகிற சின்ன விஷயங்களில் நாம் எவ்வளவு சரியாகப் பேசுகிறோம் என்பதை வைத்துத்தான். வீடியோ கேம் அந்தச் சின்ன விஷயங்களில் ஒன்று. இன்றைய பிள்ளைக்கு மிக நன்றாகத் தெரிந்த ஒன்று.

நடுவில் நிறுத்த முடியாத ஆட்டம்

எங்கள் வீடு புதுச்சேரியில், முதலியார்பேட்டைப் பக்கம். மாமியார் வில்லியனூர்க்காரர், மாதா கோயில் கொடியேற்றத்தின் சத்தத்தில் வளர்ந்தவர். அக்டோபர் மாதம் பிறந்துவிட்டால், மழையானாலும் புயலானாலும் மாலை ஏழு மணிக்கு மாதா படத்தின் முன் மெழுகுவர்த்தி ஏற்றிவிடுவார். வீட்டில் இருக்கிற அத்தனை பேரும் முழங்காலில் இருக்க வேண்டும். அந்தக் கூட்டம் நடந்ததற்கு அடுத்த சனிக்கிழமை, ஏழு அடித்த பிறகும் மகன் கூடத்து மூலையை விட்டு எழவில்லை. "இரு ஆயா, மேட்ச்ல இருக்கேன்" என்றான். "நிறுத்திட்டு வாடா" என்றார் மாமியார். "நிறுத்த முடியாது ஆயா, ஆன்லைன்." "தேவதாயே உனக்காகக் காத்திருக்கணுமா?" இந்த உரையாடல் எங்கள் வீட்டுக்குப் புதிதல்ல, வழக்கமாக இது என் அதட்டலில் முடியும், மொபைல் அலமாரியின் மேல்தட்டுக்குப் போகும், அவன் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு அருள்நிறை மரியே சொல்வான். அன்று, ஏனோ, அந்த நிறுத்த முடியாது என்ற சொல் எவ்வளவு உண்மை என்று பார்த்துவிடலாம் என்று தோன்றியது. அத்தையிடம், நீங்கள் தொடங்குங்கள், நாங்கள் பின்னால் சேர்ந்துகொள்கிறோம் என்று சொல்லிவிட்டு, அவன் பக்கத்தில் பாயில் உட்கார்ந்து, இயர்போனைக் கழற்றச் சொன்னேன்.

அவன் ஆடியது பி.ஜி.எம்.ஐ., அதாவது பேட்டில்கிரவுண்ட்ஸ் மொபைல் இந்தியா. இந்தியாவில் 2020 செப்டம்பரில் பப்ஜி மொபைல் தடைசெய்யப்பட்ட பிறகு, 2021 ஜூலையில் இந்தப் புதுப் பெயரில் வந்தது; 2022 ஜூலையில் செயலிக் கடைகளிலிருந்து இறக்கப்பட்டு, 2023 மே மாதம் மறுபடி ஏறியது. (அரசாங்கமே போட்ட தடை பெயர் மாறி வந்ததையும் போனதையும் திரும்பி வந்ததையும் கண்ணால் பார்த்து வளர்ந்த தலைமுறையிடம், வெறும் தடை எவ்வளவு நாள் நிற்கும் என்று நாம் நினைக்கிறோம்?) கிளாசிக் எனப்படும் முழு ஆட்டத்தில் நூறு பேர் வரை விமானத்திலிருந்து ஒரு தீவில் குதிக்கிறார்கள், நான்கு நான்கு பேராக அணி சேர்ந்திருக்கிறார்கள், ஒரு வட்டம் சுருங்கிக்கொண்டே வந்து எல்லாரையும் ஒரே இடத்துக்குத் தள்ளுகிறது, கடைசிவரை நிற்கும் அணி வெல்கிறது. கடைசிவரை தாக்குப் பிடித்தால் அரை மணி நேரம் ஆகும். மற்றவர்களில் பலர் அவரவர் வீட்டில் உண்மையாகவே உட்கார்ந்து ஆடுவதால் யாரோ ஒருவருடைய ஆயா கூப்பிட்டதற்காக ஆட்டம் நிற்காது. எழுந்து போகலாம், போனால், அவனை நம்பி வந்த மூன்று பேர் ஓர் ஆள் குறைவாகச் சாக வேண்டியதுதான். அந்த மூன்று பேரில் இருவர் அவனோடு புதுநன்மை வாங்கியவர்கள், எனக்கும் தெரிந்த வீட்டுப் பிள்ளைகள். மூன்றாமவன் எந்த ஊர் என்று யாருக்கும் தெரியாது.

நான் உட்கார்ந்தபோது பதினாறு பேர் மிச்சமிருந்தார்கள். மகன் ஒரு பாறைக்குப் பின்னால் பதுங்கியிருந்தான். கட்டை விரல்கள் இரண்டும் திரையின் ஓரங்களில் நடுங்காமல் நகர்ந்துகொண்டிருந்தன. அவனை இவ்வளவு கவனமாக எதையும் செய்து நான் பார்த்ததில்லை என்பதை வருத்தத்தோடு சொல்லத்தான் வேண்டும். அப்போது அணியில் ஒருவன், புதுநன்மைத் தோழன், அடிபட்டு விழுந்தான். இந்த விளையாட்டில் விழுந்தவன் உடனே செத்துவிடுவதில்லை, மண்டியிட்டுத் தவழ்ந்துகொண்டிருப்பான், தோழன் ஒருவன் அருகில் போய்ப் பத்து விநாடி போல அசையாமல் உட்கார்ந்து தூக்கிவிட்டால் பிழைத்துக்கொள்வான். "போகாத, போகாத" என்று ஊர் தெரியாதவன் கத்தினான். மகன் பாறையை விட்டு வெளியே ஓடினான். விழுந்தவன் அருகில் குந்தினான். திரையின் நடுவில் ஒரு சிறு வளையம் மெல்ல நிரம்பத் தொடங்கியது. எங்கிருந்தோ சுட ஆரம்பித்தார்கள். அவன் எழவில்லை. வளையம் நிரம்பி, தோழன் எழுந்து நின்ற அந்தக் கணத்தில் இவன் விழுந்தான். சிந்திய இரத்தம் பச்சையாக இருந்தது. ஊர் தெரியாதவன் உடனே என் மகனின் தாயைப் பற்றி, அதாவது என்னைப் பற்றி, ஒரு சொல் சொன்னான். மகனின் காது சிவந்துவிட்டது. நான் எதுவும் சொல்வதற்கு முன்பே அவன் விரல் போய் அந்தக் குரலை அடைத்தது. பழகிய வேகத்தில் அடைத்தது என்பதையும் கவனித்தேன்.

அணி நான்காவதாக முடிந்தது. நாங்கள் போய் முழங்காலில் நின்றபோது அத்தை மூன்றாம் மறைபொருளில் இருந்தார். சனிக்கிழமை என்பதால் மகிழ்ச்சி மறைபொருள்கள். ஐந்தாவது, காணாமற்போன இயேசுவைக் கோயிலில் கண்டடைந்தது. ஆண்டாண்டாகச் சொல்லி வந்தது அன்று வேறு விதமாகக் கேட்டது. மூன்று நாள் தேடி அலைந்து கண்டுபிடித்த பெற்றோருக்குப் பன்னிரண்டு வயதுப் பிள்ளை ஒரு பதில் சொல்கிறது. அந்தப் பதில் அவர்களுக்குப் புரியவில்லை என்று லூக்கா ஒளிக்காமல் எழுதிவைத்திருக்கிறார். அடுத்த வரியில் தாய் அதை உள்ளத்தில் இருத்திக்கொள்கிறாள். புரியாததை உடனே தப்பு என்று தீர்க்காமல் வைத்துக்கொள்ள ஓர் இடம் அவளிடம் இருந்திருக்கிறது. ஒரே அரை மணி நேரத்தில் தோழனுக்காக உயிரைக் கொடுக்கும் மகனையும், சுட்டுத் தள்ளும் மகனையும், வசவு காதில் விழுந்து பழகிப்போன மகனையும் பார்த்துவிட்டு வந்திருந்த எனக்கு, அந்த இடம் அன்று மிகவும் தேவைப்பட்டது.

தெரிந்து சொல்லும் 'வேண்டாம்'

அடுத்த நாள் திருப்பலி முடிந்து வரும் வழியில் கேட்க ஆரம்பித்தேன். எல்லா ஆட்டமும் அவ்வளவு நேரம் ஓடுமா? இல்லையாம். டி.டி.எம். என்று ஒன்று இருக்கிறது, நாலுக்கு நாலு, முதலில் நாற்பது முறை எதிரணியை வீழ்த்தும் அணி வெற்றி, எப்படிப் போனாலும் பத்து நிமிடத்துக்குள் முடிந்துவிடும். செத்தால் உடனே மறுபடி வரலாம். அவன் சொல்லிக்கொண்டே வந்தான். மிஷன் வீதியிலிருந்து வீடுவரை வண்டியின் பின்னால் உட்கார்ந்து அவன் அவ்வளவு பேசியது அபூர்வம். திங்கட்கிழமை மாலை ஆறே முக்காலுக்கு, சமையலறையிலிருந்தே குரல் கொடுத்தேன்: "கிளாசிக் ஆரம்பிக்காத. வேணும்னா ஒரு டி.டி.எம். முடிச்சிட்டு ஜெபத்துக்கு வா." கூடத்தில் சத்தமே இல்லை. எட்டிப் பார்த்தால், மொபைலைக் கையில் வைத்துக்கொண்டு, அம்மா இலத்தீனில் பேசியதுபோல் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தான். ஏழு மணிக்கு வந்துவிட்டான். அன்றிலிருந்து ஏழு மணிச் சண்டை எங்கள் வீட்டில் பெரும்பாலும் இல்லை. பெரும்பாலும் என்றுதான் சொல்கிறேன்.

வாரம் ஒரு மணி நேரம் என்று அகுதிஸ் வகுத்துக்கொண்டதை அப்படியே நம் பிள்ளைகள் தலையில் கட்டும் பெற்றோரைப் பார்க்கிறேன். தனியாக ஆடி, நினைத்த இடத்தில் நிறுத்திவைத்து, மறுநாள் தொடரக்கூடிய ஆட்டங்கள் நிறைந்த காலம் அது. இன்றைய ஆன்லைன் ஆட்டத்தைக் கடிகாரத்தால் வெட்டினால் அது எப்போதும் ஓர் ஆட்டத்தின் நடுவில்தான் விழும். பிள்ளை பொய் சொல்லத் தொடங்கும் இடமும் அதுவே. ஆட்டக் கணக்கில் பேசினால் அந்தப் பொய்க்கு இடமில்லை. மேலும், அந்தப் புனிதர் எல்லையைத் தானே வகுத்துக்கொண்டார் என்பதை எல்லாரும் சொல்ல மறந்துவிடுகிறார்கள்.

புரிந்துகொள்வது என்றால் எல்லாவற்றுக்கும் தலையாட்டுவது என்று என் நாத்தனார் நினைக்கிறார். என் அனுபவம் நேர்மாறானது. தெரிந்துகொண்ட பிறகுதான் என் 'வேண்டாம்' கூடியது. ஊர் பெயர் தெரியாத ஆளோடு குரல் வழி பேச்சு வேண்டாம். தெரிந்த நால்வர் சேர்ந்தால் மட்டும் கிளாசிக். க்ரேட் வேண்டவே வேண்டாம். க்ரேட் என்பது காசு கொடுத்துத் திறக்கும் பெட்டி, உள்ளே நல்ல உடையோ துப்பாக்கிக்கு வண்ணப் பூச்சோ வரலாம், உதவாத ஏதோ ஒன்றும் வரலாம், வருவது அதிர்ஷ்டம். யூ.சி. என்ற உள்நாணயத்தை நிஜப் பணம் கொடுத்து வாங்கித்தான் பெரும்பாலும் திறக்க முடியும். இதை மகன் எனக்கு விளக்கிக்கொண்டிருந்தபோது, கீரை ஆய்ந்துகொண்டிருந்த மாமியார் தலை நிமிராமல் கேட்டார்: "சிலுவையடியில ஆண்டவர் அங்கிக்குச் சீட்டுப் போட்டாங்களே, அதுவா?" மகன் வாயடைத்துப்போனான். நான் ஒரு மணி நேரம் பேசியிருந்தாலும் அந்த ஒரு கேள்வியின் வேலையைச் செய்திருக்க முடியாது. அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் க்ரேட்டின் பெயரே அங்கிச் சீட்டு.

பணம் வைத்து ஆடும் ரம்மியையும் பிள்ளைகள் ஆடும் மைன்கிராஃப்டையும் ஒரே மூச்சில் ஆன்லைன் கேம் என்று சொல்லிப் பயமுறுத்துவது நம்மிடையே சாதாரணமாகிவிட்டது. சட்டமே இரண்டையும் பிரித்துத்தான் பார்க்கிறது. கடலூர்ப் பக்கம் 2022ஆம் ஆண்டின் தமிழ்நாட்டுச் சட்டம் இணையச் சூதாட்டத்தைத் தடுத்தது. எல்லை தாண்டி இங்கே வந்தால் அது செல்லாது. பிறகு 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய சட்டம் பணம் வைத்து ஆடும் ஆட்டங்களை நாடு முழுவதும் தடைசெய்து, மின்விளையாட்டுப் போட்டிகளுக்குத் தனி இடம் கொடுத்தது. நாடாளுமன்றத்துக்குத் தெரிந்த வேறுபாடு பெற்றோருக்கும் தெரிந்திருந்தால் நல்லது. பத்து வயது மகள் மைன்கிராஃப்டில் கட்டை கட்டையாக அடுக்கி இருதய ஆண்டவர் பசிலிக்காவைக் கட்டிக்கொண்டிருக்கிறாள். திருப்பலியில் அண்ணாந்து பார்த்துக்கொண்டே இருக்கிறாளே என்று நான் தொடையில் கிள்ளிய நாட்களில் அவள் தூண்களை எண்ணிக்கொண்டிருந்திருக்கிறாள். இருபத்து நான்கு இருக்கிறதாம்.

இவ்வளவுக்குப் பிறகும் சுடுவது எனக்குப் பிடிக்கவில்லை. கொலை செய்யாதே என்பது ஐந்தாம் கட்டளை. இரத்தத்துக்குப் பச்சை நிறம் பூசியதால் அந்தக் கேள்வி தீர்ந்துவிடாது. மகனிடம் இதை நேராகவே சொன்னேன். அவன் யோசித்துவிட்டு, அப்பா சின்ன வயசில் காண்ட்ரா ஆடியிருக்கிறாரே என்றான். கணவர் பத்திரிகைக்குப் பின்னால் மறைந்துகொண்டார். ஆளுக்கு ஆள் சுட்டுக்கொள்ளும் விளையாட்டுகள் மனத்தை என்ன செய்கின்றன என்ற கேள்வியை எங்கள் வீட்டில் மூடவில்லை; அவ்வப்போது அவனே எடுக்கிறான். மாலையில் செய்தியில் ஒரு நாட்டின் குண்டுவீச்சுக் காட்சி வந்தபோது, இது கேம் மாதிரியே இருக்கு, அதுதான் பயமா இருக்கு என்றான். நான் சொல்லியிருந்தால் உபதேசம் ஆகியிருக்கும்.

கணவரின் வாதம் வேறு. அவர் அப்பாவுக்குக் கிரிக்கெட்டில் எத்தனை பேர் என்றே தெரியாது. ஆனாலும் இவர் அப்பாவை நம்பினார். விளையாட்டைப் புரிந்துகொண்டால்தான் நம்பிக்கை வரும் என்றால் நம் பெற்றோர் யாருமே தேறமாட்டார்கள் என்கிறார். நியாயமான வாதம். ஆனால் அவர் கிரிக்கெட் ஆடியது தெருவில். எதிர்வீட்டு அம்மாவும் மூலைக்கடை அண்ணாச்சியும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். யார் கெட்ட வார்த்தை பேசினாலும் இரவுக்குள் வீட்டுக்குச் செய்தி வந்துவிடும். மகன் ஆடும் தெருவில் அந்த அண்ணாச்சி இல்லை. இயர்போன் வழியாக யார் என்ன சொல்கிறார்கள் என்பது, ஒரு கை நீளத் தொலைவில் கீரை ஆயும் ஆயாவுக்குக்கூடக் கேட்காது. அந்தத் தெருவை எட்டிப் பார்க்க நமக்கு இருக்கும் ஒரே சன்னல் பிள்ளையின் வாய்தான்.

அடுப்படியில் ஓர் இரவு

அந்தச் சன்னல் திறந்தது டிசம்பரில். கிறிஸ்துமஸுக்கு முந்தைய வாரம். அதிரசத்துக்கு மாவு பிசைந்துகொண்டிருந்தேன். மகன் அடுப்படி வாசலில் வந்து நின்றான். "அம்மா, ஒருத்தர் யூ.சி. கிஃப்ட் பண்றேன்னு சொல்லி ஓ.டி.பி. கேக்குறாரு." யூ.சி. என்றால் என்ன, அதை ஒருவர் ஏன் இன்னொருவருக்குத் தர வேண்டும், அதற்கு ஓ.டி.பி. எதற்கு என்று நான் முதலிலிருந்து கேட்க வேண்டியிருக்கவில்லை. கேட்டிருந்தால், பதில் சொல்லி முடிப்பதற்குள் அவனுக்கு அலுத்துப்போயிருக்கும், அல்லது எனக்குக் கோபம் வந்திருக்கும். எந்தக் கணக்கு வழியாக உள்ளே போகிறாய் என்று சொன்னாயா என்று மட்டும் கேட்டேன். சொல்லியிருந்தான். மொபைல் எண்? அதையும் கொடுத்திருந்தான், ஓ.டி.பி.யை மட்டும் கொடுக்கவில்லை. சில வாரங்களாகவே அந்த ஆள் அண்ணா அண்ணா என்று பழக்கமாகியிருந்தார். நன்றாக ஆடுவாராம், திட்டவே மாட்டாராம். மாவுக் கையோடு நின்றுகொண்டே அவனை வைத்துக் கடவுச்சொல்லை மாற்றவைத்து, அந்த ஆளைத் தடுத்து, விளையாட்டு நிறுவனத்துக்குப் புகார் அனுப்பவைத்தேன். பணம் எதுவும் போகவில்லை. போயிருந்தால் 1930 என்ற இணையக் குற்ற உதவி எண்ணை அழைக்க வேண்டும் என்பதையும் சொல்லிவைத்தேன். பத்து நிமிட வேலை; ஒரு டி.டி.எம். அளவு.

படுக்கப் போகும்போது, திட்டுவேன் என்று பயப்படவில்லையா என்று கேட்டேன். "நீ திட்டுவதான். ஆனா எதுக்குன்னு தெரிஞ்சு திட்டுவ" என்றான். தாய்மைக்கு எனக்குக் கிடைத்த பாராட்டுகளில் இதற்கு மேல் ஒன்றை நான் எதிர்பார்க்கவில்லை.

இதே செய்தியைச் சொல்ல வழியில்லாத ஒரு பையனையும் எனக்குத் தெரியும். கடலூரில், மொபைலைப் பீரோவில் வைத்துப் பூட்டிவிட்ட ஒரு வீட்டில் இருக்கிறான். வீட்டில் எல்லாரும் நிம்மதியாக இருக்கிறார்கள். அவன் தேவனாம்பட்டினம் கடற்கரையில் நண்பனின் மொபைலில், நண்பனின் கணக்கில் ஆடுகிறான். என் மகன் என்னை நம்பிச் சொன்னதால் எனக்குத் தெரியும். அந்தத் தாயிடம் நான் சொன்னால் ஒரு நம்பிக்கை உடையும், சொல்லாவிட்டால் இன்னொன்று. அந்தப் பையனையே தனியாகக் கூப்பிட்டு, நீயே சொல், நான் பக்கத்தில் இருக்கிறேன் என்று சொல்லியிருக்கிறேன். இன்னும் சொல்லவில்லை. அவன் அம்மாவுக்கு இதையெல்லாம் எங்கிருந்து தொடங்கி விளக்குவது என்று தெரியவில்லையாம்.

நாற்பது நாள் கணக்கு

தவக்காலம் வந்ததும் எங்கள் பக்கத்து வீடுகளில் வழக்கம்போல ஒறுத்தல் பட்டியல்கள் எழுந்தன. கணவர் டீயை விட்டார், மாமியார் வெற்றிலையை விட்டார், நான் சீரியலை விட்டேன். மகன் பி.ஜி.எம்.ஐ.யை விடுகிறேன் என்றான். பழைய நானாக இருந்திருந்தால், ஆண்டவரே ஸ்தோத்திரம் என்று ஏற்றுக்கொண்டு அடுத்த வேலையைப் பார்த்திருப்பேன். இப்போது அதன் விலை எனக்குத் தெரியும். தினமும் உள்ளே வந்தால் தினமும் ஒரு பரிசு, வராவிட்டால் வரிசை அறுந்துபோகும். ராயல் பாஸ் என்ற பரிசுத் திட்டத்துக்குப் பருவம் பருவமாகக் கெடு இருக்கிறது, அந்தக் கெடுவுக்குள் ஆடாதவன் அதில் உள்ளதை இழந்தவன்தான். சேர்ந்து ஆடும் மூவர் அவன் இல்லாமல் மேல்படிக்குப் போய்விடுவார்கள், திரும்பி வரும்போது அவர்களோடு ஆடவே தடுமாற வேண்டியிருக்கும். என் சீரியல் உயிர்ப்பு ஞாயிறுக்குப் பிறகும் விட்ட இடத்துக்கு அருகிலேயேதான் நின்றுகொண்டிருக்கும். இவற்றை எல்லாம் சொல்லி, அவ்வளவையும் விடுகிறாயா என்று கேட்டேன். உனக்கு எப்படித் தெரியும் என்பதுபோல் பார்த்தான். தெரிந்துதான் சொல்கிறேன் என்றான்.

விபூதிப் புதன் முடிந்த மூன்றாம் நாள், வாய்ப்பாடு ஒப்பிக்கும் முகத்தோடு வந்தான். விபூதிப் புதனிலிருந்து பெரிய சனிவரை எண்ணினால் நாற்பத்தாறு நாள் வருகிறது, நாற்பது என்கிறீர்கள், அப்படியானால் ஆறு ஞாயிறுகளும் கணக்கில் இல்லை, ஞாயிறு ஆண்டவர் உயிர்த்த நாள் என்பதால் அன்று ஒறுத்தல் கிடையாது என்று மறைக்கல்வியில் சொன்னார்கள், ஆகவே ஞாயிறு ஆடலாம்தானே? கணக்கு சரி. மாமியார், இது லூசிபரின் வாதம் என்றார். கணவர், வக்கீலுக்குப் படிக்கவைக்கலாம் என்றார். பங்குச் சாமியிடமே கேட்டுவிடுவோம் என்று அழைத்துப்போனேன். அவர் விழுந்து விழுந்து சிரித்துவிட்டு, அதை வீட்டிலேயே பேசித் தீர்த்துக்கொள்ளுங்கள் என்று கைகழுவிவிட்டார். ஞாயிறு திருப்பலிக்குப் பிறகு, தெரிந்த நால்வர் சேர்ந்தால், இரண்டு கிளாசிக் என்று முடிவானது. மூன்று என்று அவன் இன்னும் வாதாடிக்கொண்டிருக்கிறான்.